கூரையைக் காட்டிய பெட்டரிக்காரர்

பயங்காட்டி என்று ஒரு மனித இனம் உண்டு. பண்டாரவளை பஸ் நிலையம், பதுளை அரசாங்கக் கச்சேரி வாசல், கொஸ்லந்தைத் தேத்தண்ணிக் கடை என்று எங்கே தேடினாலும், வருடம் பன்னிரண்டு மாதமும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். நீங்கள் ஆசையாக ஒரு புதுச் சாமானை வாங்கிக்கொண்டு வாருங்கள். குக்கர், காஸ் அடுப்பு, மூன்று வேகத்தில் சுற்றும் காற்றாடி, எதுவாகவும் இருக்கட்டும். அது பெட்டியிலிருந்து வெளியே வரும்முன் இந்த ஆள் உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

வந்தவுடனே பேசமாட்டார். சாமானை ஒருதரம் சுற்றி வருவார். குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். பல்லிடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுப்பார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்பார்.

"வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு."

"சரி. வாங்கினது வாங்கியாச்சு. இனி என்ன செய்ய?"

முடிந்தது கதை. காலையில் கடையில் தட்டிப் பார்த்து, பேரம் பேசி, பஸ்ஸில் மடியில் வைத்துக் குழந்தை மாதிரிக் கொண்டுவந்த சாமான், அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் வீட்டு நடுக் கூடத்தில் பாம்பாகப் படுத்துவிடும். மனைவி அதைத் தொடமாட்டாள். பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாதே என்று அதட்டுவீர்கள். நீங்களே இரண்டு நாள் பக்கத்து அறையில் படுப்பீர்கள்.

சாட்சி இல்லாமல் அவர் பேசுவதில்லை. அந்தச் சாட்சிக்குப் பெயர் கிடையாது. "வெலிமடையில ஒருத்தர்" என்றுதான் தொடங்குவார். வெலிமடையில் ஒருத்தருக்குக் குக்கர் மூடி பறந்து காது போனது. வெலிமடையில் ஒருத்தருக்குக் காற்றாடி கழன்று விழுந்து கால் போனது. ஒருமுறை வேலையாக வெலிமடைக்குப் போயிருந்தபோது, யாரப்பா இந்தப் பாவப்பட்ட மனிதர் என்று விசாரித்தேன். "இங்கே யாருமில்லையே, அது பண்டாரவளையில ஒருத்தர்" என்றார்கள். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரே ஓர் அதிர்ஷ்டங்கெட்ட மனிதர் தினமும் பஸ்ஸில் போய் வந்து, அங்கே காதையும் இங்கே காலையும் இழந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒன்றை மிக அருகில் வைத்துப் பார்த்து வருகிறேன். அது என் இடுப்புச் சாரத்தைத்தான் கட்டுகிறது. என் பீடியைத்தான் குடிக்கிறது. என் மனைவி ஸைனபு எனக்கு வைக்கும் சோற்றைத்தான் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறது. சவரம் செய்யும் கண்ணாடியில் தினமும் காலையில் அதற்கு ஸலாம் சொல்கிறேன்.

என் பெயர் இத்ரூஸ். ஊரில் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள். பண்டாரவளைக் கடைவீதியில், ஸலீம் ஹாஜியாரின் துணிக்கடைக்குப் பக்கத்துச் சந்தில், பெட்டரி சார்ஜ் செய்யும் கடை வைத்திருக்கிறேன், வீடும் அதன் பின்கட்டிலேதான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சத்தைப் பதுளையில் ஒரு பெட்டரிக் கடையில் பத்து வருடம் அடிவாங்கிப் படித்தேன். தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, மின்சாரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். டீவி பார்க்க ஆசை மட்டும் இருக்கிறது. ஆகவே லொறி பெட்டரியைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி, "அசிட்டு சிந்திச்சின்னா சீட்ட நீதான் தைச்சுக் குடுக்கணும்" என்று கண்டக்டரிடம் ஏச்சு வாங்கி, என் கடைக்குக் கொண்டுவருவார்கள். நான் இரண்டு நாள் வைத்துச் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பேன். ஒரு கிழமை, ஏழு நாள், படம் ஓடும். பிறகு மறுபடியும் சாக்கு, பஸ், ஏச்சு.

இந்தத் தொழில் செய்கிறவனைச் சாரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அசிட் ஒரு சொட்டுத் தெறித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. அன்றும் தெரியாது, மறுநாளும் தெரியாது. துவைத்துக் காயப்போட்டால்தான் தெரியும், அந்தச் சொட்டு விழுந்த இடத்தில் துணி இல்லை, வானம் இருக்கிறது என்று. என்னிடம் ஓட்டையில்லாத சாரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பெருநாளைக்கு எடுத்தது. மற்றவற்றைப் பற்றி ஸைனபுவின் அபிப்பிராயம்: "மீன் வலைய உடுத்திக்கிட்டுத்தான் ஜும்ஆவுக்குப் போறீங்களா?"

எண்பத்தாறாம் வருடம் பூனாகலைப் பாதையில் ஒரு தோட்டத்துக்குச் சோலார் தகடு வந்தது. தோட்டத்தின் மேல் பிரிவில், மேல்கணக்கு என்பார்கள், ஒரு பிள்ளைக்காம்பரா இருக்கிறது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் நீட்டு அறை. தகரக் கூரை, சின்னச் சின்ன ஜன்னல். பனி இறங்கினால் பகல் பதினொரு மணிக்கும் உள்ளே குப்பி லாம்பு கொளுத்த வேண்டும். யாரோ வெளிநாட்டு உதவிக்காரர்கள் இரக்கப்பட்டு, அந்தக் கூரைமேல் ஒரு சோலார் தகட்டைப் பூட்டி, உள்ளே இரண்டு பல்பு போட்டுக் கொடுத்தார்கள். கூடவே வந்த பெட்டரி மலையேறும் வழியில் உடைந்துபோனதால், தோட்டத் தலைவர் வடிவேல் என்னிடம் வந்தார். தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர். பழைய லொறி பெட்டரி ஒன்றுக்கு உள்ளே ஈயத் தகடு மாற்றி, என் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, நான்தான் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"தலைவரே, சார்ஜ் ஏத்த என்னைக்குக் கொண்டாருவீங்க?"

"கொண்டார வேண்டியதில்ல நானா. வெயில் பட்டா அந்தக் கண்ணாடியே ஏத்திக்கிருமாம். நம்ம லயத்துக்கெல்லாம் ஒவ்வொண்ணு வந்திச்சின்னா பஸ்ஸுல இந்தச் சனியனத் தூக்கிக்கிட்டு அலையவே வேணாம்."

அந்த நிமிடத்தில், வாசகரே, எனக்குப் பொதுமக்களின் உயிர்மேல் பெரிய அக்கறை பிறந்தது.

பல்லிடுக்கு வழியாகக் காற்றை இழுத்தேன்.

"பூட்டியாச்சா?" என்றேன்.

அன்று தொடங்கியது. கடைக்கு வந்தவர், கடையைக் கடந்தவர், ஸலீம் ஹாஜியாரிடம் துணி எடுக்க வந்து மழைக்கு ஒதுங்கியவர் என்று ஒருவரையும் நான் விடவில்லை. சூரியன் பூமிக்கு அனுப்பும் சூட்டைப் பாதி வழியில் பிடுங்கினால் கீழே இருக்கும் தேயிலைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டேன். கண்ணாடி குடித்த சூடு உள்ளேயே கிடந்து ஒருநாள் வெடிக்காதா என்று கேட்டேன். இடி எங்கே விழலாம் என்று தேடிக்கொண்டிருக்கும்போது கூரையில் ஒரு மேசையைப் போட்டு அழைப்பது புத்தியா என்று கேட்டேன். அதன்மேல் பறந்த காகம் திரும்பி வரவில்லை என்றேன். எந்தக் காகம்தான் திரும்பி வந்து தன்னைக் காட்டிவிட்டுப் போகிறது? ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னேன்: வெயிலில் இருக்கும் கதிர் வயர் வழியாகக் கீழே இறங்கி வருகிறது, அது குழந்தைகளின் இளம் எலும்புக்கு ஆகாது. வெலிமடையில் ஒருத்தர் வீட்டில் இப்படித்தான் நடந்தது.

இதை நான் பொய் என்று தெரிந்தா சொன்னேன்? அப்படிச் சொல்லியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். காலையில் சொன்னதை மத்தியானம் நானே நம்பினேன். பயங்காட்டியின் முக்கிய இலட்சணம் அது. அவர் முதலில் பயமுறுத்துவது தன்னைத்தான். பிறகு அந்தப் பயத்தை ஊருக்குப் பங்கு வைப்பார்.

அந்த மாதம் எங்கள் சமையல் குசினிக்குப் பின்னால் ஸைனபு வளர்த்த பூசணிக்கொடி கருகிச் செத்தது. நான் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"பாத்தியா? அந்தக் கண்ணாடி வந்த பொறகுதான் இதெல்லாம்" என்றேன்.

ஸைனபு கரியைக் கையில் எடுத்த மாதிரி அந்தக் கொடியைத் தூக்கிப் பிடித்தாள். "இஞ்ச பாருங்க. கண்ணாடி மலைக்கு மேல ஈக்கி. பூசணி குசினிக்குப் பின்னால ஈக்கி. நடுவுல நீங்க தினமும் பழைய அசிட்ட ஊத்துற சாக்கடைக் காண் ஈக்கி. நான் ஒண்டும் செல்லல்ல."

அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது கிழமை மேல்கணக்கிலிருந்து புஷ்பம் இறங்கி வந்தாள். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா அவள். முப்பது வயதிருக்கும். கடைக்குள் வந்து நின்று, சுற்றிலும் புஸ்புஸ் என்று கொதித்துக்கொண்டிருந்த பெட்டரிகளைப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "இங்கே பீடி சிகரட் பற்றவைக்க வேண்டாம்." அந்தப் பலகையை எழுதியவன் நான். பெட்டரி சார்ஜ் ஏறும்போது வருகிற ஆவியில் ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும். பதுளைக் கடையில் ஒருதரம் என் முதலாளியின் முகத்துக்கு நேரே அது நடந்ததைப் பார்த்தவன் நான். தெரியாதவன் எழுதிய பலகை இல்லை அது. ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"நானா, அந்தக் கதிரு வெசயம் நீங்க சொன்னதா?" என்றாள் புஷ்பம்.

"நான் சொல்லல்ல. வெலிமடையில ஒருத்தர்..."

"அந்த ஒருத்தரு எங்க லயம் வரைக்கும் வந்துட்டாரு நானா. காலையில பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல பேச்சே அதுதான். தாய்மாரு புள்ளைகள உள்ள விட மாட்டேங்கிறாங்க. முதுகுல கட்டிக்கிட்டு மலைக்குப் போறாங்க, மழையில. ஞாயித்துக்கிழம கண்ணாடிய எறக்கிறதுன்னு பேச்சு. எறக்கிட்டா அந்த உதவிக்காரங்க அத வேற எடத்துக்குக் கொண்டு போயிருவாங்க."

"எறக்கினா நல்லதுதானே?"

அவள் சேலைத் தலைப்பை ஒதுக்கி இடது கையைக் காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருண்டு பளபளவென்று இருந்தது.

"குப்பி லாம்பு, போன வருசம். ஒரு புள்ள இழுத்துருச்சு. நா குறுக்க கைய விட்டதால அது தப்பிச்சிச்சு. அடுத்த தரம் கைய விட நா பக்கத்துல இருக்கணுமே? பதினெட்டுப் புள்ளைக நானா, நா ஒருத்தி. நீங்க ஒரு வார்த்த சரின்னு சொன்னா அவங்க கேப்பாங்க."

இப்போது சொல்லுங்கள். மனிதனாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்? "தாயே, நான் உளறினேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று சொல்லுக்கு மேல் தேவையில்லை. ஆனால் பயங்காட்டியின் வாய்க்கு அந்தச் சொல் பழக்கமில்லை. அது பின்வாங்காது. பின்வாங்க வேண்டிய நேரத்தில் ஒரு பரிகாரம் சொல்லும்.

"கதிரத் தடுக்க ஒரு வழி ஈக்கி" என்றேன், தாடியைத் தடவிக்கொண்டு. "பெட்டரிய ஒரு பலகைப் பெட்டிக்குள்ள வச்சு, காத்துப் போகாம மூடி, மேல தடிப்பா எதையாவது போர்த்துங்க."

"எதப் போர்த்துறது?"

"கம்பளி இருந்தா நல்லது."

கொழுந்தெடுக்கிற பெண்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளியைச் சொன்னேன். அந்த வாரம் இரண்டு பெண்கள் தங்கள் கம்பளியைப் பெட்டரிக்குக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே கொழுந்தெடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெட்டரி சுகமாகக் கதகதப்பாக இருந்தது.

ஆனாலும் தாய்மாருக்கு மனம் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், நல்லதென்றால் இருக்கட்டும், கெட்டதென்றால் இறக்கிவிடுகிறோம் என்று வடிவேல் ஆள் அனுப்பினார். எனக்கு நெஞ்சு ஓரங்குலம் விரிந்தது. ஐந்தாம் வகுப்புக்காரனை ஒரு மலையே தீர்ப்புக்குக் கூப்பிடுகிறது! பெருநாள் சாரத்தை எடுத்து உடுத்தினேன்.

"புதுச் சாரத்தோட பெட்டரிக்கிட்டப் போகாதீங்க" என்றாள் ஸைனபு.

"நான் பாக்கப் போறது பெட்டரிய இல்ல. கூரைய" என்றேன்.

நல்ல வெயில் நாள். நான் போய்ச் சேரும்போது பத்தரை மணி. பிள்ளைக்காம்பரா வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். குழந்தைகள் எல்லாம் தாய்மாரின் இடுப்பில். வடிவேல் ஒரு வாங்குப் பலகையைத் தூசி தட்டிப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கையை உயர்த்த முடியாது.

நான் உள்ளே போனேன், மற்றவர்கள் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். உள்ளே வரிசையாகத் தொட்டில்கள் தொங்கின, பழைய சேலையில் கட்டியவை. கடைசித் தொட்டிலின் கீழே, ஒழுகாத ஒரே மூலை அதுதான் என்பதால், பெட்டரிப் பெட்டியை வைத்திருந்தார்கள். என் யோசனைப்படி இறுக்க மூடி, இரண்டு கம்பளியை நாலு பக்கமும் செருகி, பிரசவித்த பெண்ணைப் போர்த்திய மாதிரிப் போர்த்தியிருந்தார்கள்.

நான் அதைப் பார்த்தேனா? கண் பட்டது, பார்க்கவில்லை. என் விரல் மேலே இருந்தது. கூரை, கண்ணாடி, கதிர், காகம், இடி, தேயிலை என்று அரைமணி நேரம் பேசினேன். இவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. புஷ்பம் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசுவதற்கும் கூரை உதவியாக இருந்தது.

இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு நின்ற விசாலாட்சி என்பவள் குறுக்கே ஒரு கேள்வி போட்டாள். "ஏங்க நானா, மேல இருக்கிறது கெட்டதுன்னு சொல்றீங்க. அப்ப கீழ இருக்கிறது?"

"எது?"

"இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது. எம் மகளோட தொட்டிலுக்குக் கீழதான் இருக்கு."

"அது என்ட பெட்டரி" என்றேன். "அதுக்கு நான் பொறுப்பு."

சபையில் சிலர் தலையாட்டினார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்தக் கண்ணாடி ஒரு ஏமாற்று, மூன்று கிழமையாக வெயில் பட்டும் என் பெட்டரிக்குள் ஒரு பொட்டுச் சார்ஜ் ஏற்றியிருக்காது, இதோ காட்டுகிறேன் என்று முழங்காலிட்டேன். சார்ஜ் பார்க்கக் கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. என்னுடையதன் ரப்பர் கிழிந்து வருடம் இரண்டாகிறது. எங்கள் தொழிலில் சுருக்கு வழி, இரண்டு முனையையும் ஒரு வயர்த் துண்டால் சட்டென்று உரசிப் பார்ப்பதுதான். பொறி பெரிதாகப் பறந்தால் சார்ஜ் உண்டு. கடையில் தினமும் நாற்பது தரம் செய்வேன், கதவு இரண்டையும் திறந்துவைத்துக்கொண்டு.

கம்பளியை விலக்கினேன். மூடியைக் கொஞ்சம் தூக்கினேன். புளித்த நாற்றம் ஒன்று முகத்தில் அடித்தது. காலையிலிருந்து நல்ல வெயிலில் அந்தக் கண்ணாடி தன் வேலையை ஒழுங்காகச் செய்து, பெட்டரியை நிறைத்து, கொதிக்கவைத்து, ஆவியை எழுப்பியிருக்கிறது. ஆவி வெளியே போக வழியில்லாமல் என் யோசனைக் கம்பளிக்குள் காத்திருந்திருக்கிறது. அந்த நாற்றம் இருபது வருடமாக எனக்குப் பழக்கம். என் மூக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் என் வாய் பேசிக்கொண்டிருந்தது, கை வயரை எடுத்துவிட்டது.

"இப்ப பாருங்க" என்றேன்.

பார்த்தார்கள்.

லொறி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். பெட்டி மூடி கூரையில் போய் அடித்தது. எனக்கு வெளிச்சம் ஒன்று தெரிந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. முகம் முழுக்க நெருப்பு. யாரோ அலறினார்கள். அது நான் என்று பிறகு சொன்னார்கள். ஒரு கை என் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தறதறவென்று இழுத்துக்கொண்டு போனது. பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் மலைத் தண்ணீர் விழும் பீலி இருக்கிறது. அந்தக் குழாய்க்குக் கீழே என் தலையைக் கொண்டுபோய் அமுக்கியது அந்தக் கை. தழும்பேறிய கை.

"கண்ணத் தொறங்க நானா!"

"எரியுது! விடு!"

"எரியட்டும்! தொறங்கன்னா தொறங்க! மூடினா கண்ணு போயிரும்!"

பயங்காட்டியான என்னை யாராவது பயமுறுத்தியது அதுதான் முதல் தடவை. திறந்தேன். அரைமணி நேரம், மூச்சு முட்ட முட்ட, அந்த ஐஸ் தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டே நின்றாள். பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணைப் பார்த்த டொக்டர், "அந்தத் தண்ணீர்தான் உன்னைக் காப்பாற்றியது. வைத்தியம் முடிந்துதான் வந்திருக்கிறாய்" என்றார். எட்ட நின்ற மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் இரண்டு கண்ணும் தப்பின. புருவம் போனது. தாடியில் பாதி போனது. சாரத்தைப் பற்றி ஸைனபுவிடம் கேளுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல்கணக்குக்கு மறுபடி போனேன். இந்தமுறை பழைய சாரம், கையில் ஆணியும் சுத்தியலும். பிள்ளைக்காம்பராச் சுவருக்கு வெளியே, எட்டடி தள்ளி, பக்கங்கள் திறந்த ஒரு சின்னப் பந்தல் போட்டு, கம்பி அடைத்து, வேறொரு பெட்டரியை அதற்குள் வைத்தேன். பிறகு வந்திருந்தவர்களிடம் சொன்னேன்: "கண்ணாடியில பிழையில்ல. கதிரும் இல்ல, ஒண்டும் இல்ல. ஆபத்து என்ட பெட்டரியிலதான் இருந்திச்சு. அத ஒருநாளும் மூடி வைக்கக் கூடாது, புள்ளைகள்கிட்ட வைக்கவே கூடாது."

வடிவேல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது உங்களுக்கு முன்னமே தெரியுமா நானா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

ஏற்கெனவே அடித்த ஆணியை இன்னொருதரம் அடித்தேன்.

"அம்புட்டு நேரம் மேலயே பாத்துக்கிட்டு நின்னீங்களே, கழுத்து வலிக்கலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புருவம் இல்லாதவன் சிரித்தால் எப்படி இருக்கும் என்று குழந்தைகளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். புஷ்பம் உள்ளே போய் இரண்டு பல்பையும் போட்டாள். பகல் வெளிச்சத்தில் அது தேவையே இல்லை. ஆனாலும் போட்டாள். அணைக்கவும் இல்லை.

கிளம்பும்போது விசாலாட்சி வந்தாள். கையில் மடித்த ஒரு சேலைத் துணி.

"தொட்டில் சேல நானா. அன்னைக்கு ஒண்ணும் தெரியல. நேத்துத் தொவச்சேன்."

விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஓட்டை. நடுவில், குழந்தையின் தலை கிடக்கும் இடத்தில் நெருக்கமாக. கால்மாட்டில் கொஞ்சம் தூரத்தூர. ஓட்டை என்றால் எனக்கு என்ன புதிதா? இருபது வருடமாக உடுத்துகிறேன். ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய சொட்டு, எவ்வளவு கெட்டி அசிட் என்று என்னால் சொல்ல முடியும்.

"வேல நாள்ல, அது வெடிச்ச நேரத்துக்கு, அவ இதுலதான் தூங்குவா" என்றாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்தத் துணியைக் கேட்டு வாங்கி வந்தேன். கடையில் பீடிப் பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

நேர்மையாகச் சொல்வதென்றால், அந்தக் கண்ணாடிக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. பாசி பிடித்த தகரத்தில் ஏறித் துடைக்கப் போனால் வழுக்கி விழலாம். எலி கடித்த வயர் உரசினால் கூரை மரம் பற்றலாம். ஆலங்கட்டி மழையில் உடைந்தால் அந்தக் கண்ணாடித் தூளை எந்தக் காணில் கொட்டுவது, அது யார் தண்ணீரில் போய்ச் சேரும் என்று உதவிக்காரர்களும் சொல்லவில்லை. இவ்வளவு நல்ல நல்ல பயங்கள் கையில் இருக்க, இதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. காகத்தைச் சொன்னேன்.

காண் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் நாள், ஸைனபு என் கையைப் பிடித்துக் குசினிக்குப் பின்னால் கூட்டிப்போய் நிறுத்தினாள். காணோரம் இருபது அடிக்குப் புல் இல்லை. அதற்கும் கீழே சந்தைக்குக் கீரை போடுகிறவர்களின் பாத்தி இருக்கிறது. காணோரத்தில் பழைய ஈயத் தகடுகள் குப்பையாகக் கிடந்தன, என் பத்து வருடச் சேமிப்பு.

"இதுவும் கண்ணாடி செஞ்சதா?" என்றாள்.

இப்போது ஈயத்தை ஒரு தகரப் பீப்பாவில் அடைத்து வைக்கிறேன். பழைய அசிட்டில் சுண்ணாம்பு கொட்டி, நுரை அடங்கிய பிறகுதான் ஊற்றுகிறேன், அதுவும் காணில் இல்லை. சந்தையில் வெற்றிலைக் கடைக்காரர் என்னைப் பார்த்தாலே பதறுகிறார். "மாசம் ரெண்டு டின் சுண்ணாம்பா? நானா, இவ்வளவு வெத்தில போட்டா வாய் வெந்துரும். வெலிமடையில ஒருத்தர்..." என்று தொடங்குகிறார்.

போன மாதம் வெலிமடையிலிருந்தே ஒருத்தர் வந்தார். மெய்யாகவே வந்தார், பெயர் ஜாபிர், ட்ரக்டர் பெட்டரியோடு. பெட்டரியை இறக்கிவைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தணித்தார்.

"நானா, ஒங்க நல்லதுக்குச் செல்றேன். இந்தச் சோலார் கண்ணாடி ஒண்டும் வீட்டுக்கு எடுத்துராதீங்க. பண்டாரவளையில ஒருத்தர், பெட்டரிக்காரராம், பாவம். கண்ணாடி வெடிச்சு ரெண்டு கண்ணும் போயிட்டு."

எனக்கு நாக்கு துடித்தது. "வெடிச்சது கண்ணாடி இல்ல தம்பி, பெட்டரி. மூடி வச்சதால வெடிச்சது. அந்த ஆள் நான்தான்" என்றேன்.

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "நீங்க எப்புடி நானா? அவருக்கு ரெண்டு கண்ணும் இல்லையே."

தொட்டில் துணியைக் காட்டினேன்.

"பூச்சி அரிச்சீக்கி" என்றார். "கற்பூர உருண்ட போட்டு வையுங்க." பிறகு பல்லிடுக்கு வழியாகக் காற்றை இழுத்தார். "பாத்துப் போடுங்க. வெலிமடையில ஒருத்தருக்குக் கற்பூர உருண்டையால..."

இவ்வளவையும் வாசித்த நீங்கள், இந்த இத்ரூஸைப் போல ஆட்களும் இருக்கிறார்களே என்று சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். நான் குறை நினைக்கவில்லை. ஆனால் கடைசியாக எந்தப் புதுச் சாமானைப் பார்த்துப் பல்லிடுக்கில் காற்றை இழுத்தீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் விரல் மேலே காட்டிக்கொண்டிருந்தபோது காலடியில் என்ன இருந்தது, அதில் யார் பெயர் சிவப்பு மையில் எழுதியிருந்தது என்றும் பாருங்கள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உங்கள் சாரத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

ஓர் ஓட்டையும் இல்லையா? சந்தோஷம். அவசரப்படாதீர்கள். ஒருதரம் துவைக்கட்டும்.